52 விநாடிக் கார்வை

எங்கள் ஊருக்குப் பெயர் ஸ்கெலட்டன். கோலார் தங்கவயலில் இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள், ரேஷன் கார்டு எழுத வந்தவர்கள், மகனைச் சேர்க்கப் போன இடத்தில் அப்ளிகேஷன் வாங்கியவர்கள் என்று எல்லாருமே ஒரு தடவை பேனாவை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார்கள். "எலும்புக்கூடா?" ஆமாங்க, எலும்புக்கூடுதான். அக்கம்பக்கத்தில் சாம்பியன் ரீஃப், கோரமண்டல் என்று மீசை முறுக்குகிற பெயர்கள் இருக்க, எங்கள் பங்குக்கு இது வந்து சேர்ந்தது. இதனால் எங்களுக்கு ஒரு நன்மையும் விளைந்ததில்லை, அக்கா மகன் வந்து சொல்லும்வரை.

பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது காதில் ஒயரை மாட்டிக்கொண்டு இரண்டு மணிநேரம் திண்ணையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். காதல் தோல்வி என்று நினைத்துக் காப்பி கொண்டுபோனேன். "மாமா, இவங்க உங்க ஊர் பேண்டு" என்று போனைக் காட்டினான். எலும்புக்கூடு ஒன்று தலையில் ரோஜாப்பூ வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. குழுவின் பெயர் கிரேட்ஃபுல் டெட். தமிழில் சொன்னால் 'நன்றியுள்ள பிணம்'. உயிரோடு இருக்கிறவர்களிடமே பார்க்க முடியாத குணம்.

1965-இல் கலிஃபோர்னியாவில் கிளம்பியவர்கள். 1995-இல் ஜெர்ரி கார்சியா என்கிற கிதார்க்காரர் கண்ணை மூடும்வரை முப்பது வருஷத்தில் ஏறக்குறைய 2,300 கச்சேரி. இசைத்தட்டில் மூன்று நிமிஷம்கூட வராத 'டார்க் ஸ்டார்' என்கிற பாட்டை மேடையில் எடுத்தால் இருபது நிமிஷம் ஆகுமாம். சில ராத்திரி நாற்பதையும் தாண்டுமாம். ஒரு நாள் வாசித்த மாதிரி மறுநாள் கிடையாது. அதனால் ரசிகர்கள் கொம்பில் மைக்கைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பின்னாலேயே போய்ப் பதிவுசெய்தார்கள். குழுவினர் போலீசைக் கூப்பிடவில்லை. 1984-இல் அவர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கித் தனி டிக்கெட்டும் போட்டார்கள். ஒரே நிபந்தனை, கேசட்டைக் காசுக்கு விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம். அப்படித் திரண்ட கச்சேரிகளில் 1977 மே 8-ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்ததுதான் உச்சம் என்று ஒரு கட்சி. அதெல்லாம் பாமரர்களின் தேர்வு என்று எதிர்க்கட்சி. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்தக் கச்சேரியைப் போற்றிப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. எதிர்க்கட்சி அப்படியும் அடங்கவில்லையாம்.

"இந்த மாதிரி பைத்தியங்கள நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க மாமா" என்றான்.

நான் எழுந்துபோய்ப் பரணிலிருந்து மூன்று தகரப் பெட்டிகளை இறக்கினேன்.

*

எண்பதுகளில் நாங்கள் நாலு பேர். நான் சுரங்கத்தின் டைம் ஆபீசில் குமாஸ்தா. வைண்டிங் டிரைவர் அண்ணன்: ஆட்களைக் கூண்டில் ஏற்றிப் பாதாளத்துக்கு இறக்குகிற இராட்சத உருளையை ஓட்டுகிறவர். கீழேயிருந்து வருகிற மணிச் சத்தத்தை எண்ணித்தான் வேலையே நடக்கும். தப்பாகக் கேட்டால் உயிர் போகும் என்பதால், ஊரிலேயே நல்ல காது அவருடையது என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. மூன்றாவது ஆள் கன்னடம் படித்த கம்பவுண்டர். நாலாவது என் சித்தப்பா. எங்கள் தொழிலாளர் லைனில் இருந்த பஜனைக் கோயிலில் பாடுகிறவர். இசைஞானம் கருதி அவரைச் சேர்க்கவில்லை. டேப்ரிக்கார்டர் அவருடையது.

எங்கள் மதம் கச்சேரி கேசட். கடையில் விற்கிற கேசட்டை மதிக்க மாட்டோம். அதில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். எங்களுக்கு வேண்டியது சபாவில், கல்யாணத்தில், கோயில் பந்தலில் யாரோ மடியில் வைத்துப் பிடித்தது. வித்வான் தொண்டையைக் கனைப்பது, பக்கவாத்தியக்காரரைப் பார்த்து 'ம்' என்பது, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நாற்காலிகள் கிறீச்சிட்டு ஜனம் காப்பிக்குக் கிளம்புவது எல்லாம் இருக்க வேண்டும்.

பெங்களூர் சாமராஜப்பேட்டையில் கோட்டை ஹைஸ்கூல் மைதானத்து ராமநவமிப் பந்தல்தான் எங்கள் திருப்பதி. ராமசேவா மண்டலி 1939-லிருந்து நடத்துகிற உற்சவம். மாரிக்குப்பம் ரயிலில் ஏறிப் போவோம். கச்சேரி முடிவதற்குள் திரும்புகிற ரயில் போய்விடும். ஸ்டேஷன் பெஞ்சில் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்து, விடிகாலை வண்டியைப் பிடித்து, கண் எரிச்சலோடு ஆபீசில் போய் உட்கார்ந்து, மற்றவர்கள் லேட்டாக வந்ததைக் கணக்கெழுதுவேன். டேப்ரிக்கார்டரைத் துணிப்பையில் வைத்து மேலே துண்டைப் போட்டு எடுத்துப்போவோம். அப்படி நான் பிடித்த முதல் கேசட்டில் பாட்டு சுமாராகவும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி கோசம்பரி மென்றது மிகத் துல்லியமாகவும் பதிவாகியிருந்தது. மெல்வதை அவர் தாளத்தில் மென்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பதிவு செய்ததைவிட மாற்றிக்கொண்டதுதான் அதிகம். ஒரு புல்லாங்குழல் மாலிக்கு இரண்டு மதுரை மணி அய்யர் என்பது அன்றைய ரேட். மாலி கேசட்டில் சில இடங்களில் அவர் வாசிக்காமல் சும்மா இருப்பது பதிவாகியிருக்கும். அதையும் விடாமல் காப்பி எடுத்தோம். மணி அய்யரில் இங்கிலீஷ் நோட்டு இருந்தால் ரேட் இறங்கும், ஏனென்றால் அது எல்லாரிடமும் இருந்தது. எங்கள் ஊரில் தங்கத்தைத் திருடினால் கேஸ் போடுவார்கள். கேசட்டைத் திருடினால் ரசனை என்பார்கள்.

*

1988-இல் அந்தக் கேசட் வந்தது.

சாமராஜப்பேட்டையில் ஒரு பெரியவர். இரண்டு மணி அய்யர், ஒரு மாலி, மேற்கொண்டு எங்கள் ஊர் பேக்கரி பன் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு கொடுத்தார். அட்டையில் நீல மையில் 'எம்.டி.ஆர். - ராமநவமி - சகானா' என்று எழுதி, வருஷம் போட வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. எம்.டி. ராமநாதன் காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. அவர் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: பாதாளத்திலிருந்து வருகிற குரல், அவசரம் என்பதே அறியாத காலப்பிரமாணம். சுரங்கத்துக்காரர்களான எங்களுக்கு அந்த ஆழம் ரொம்பப் பிடிக்கும். சகானா ராகமோ அவருடைய சொத்து மாதிரி.

கேசட் நாலாவது காப்பியோ ஐந்தாவதோ, 'உஸ்ஸ்' என்கிற இரைச்சல் அடைமழையாகப் பெய்தது. அதற்குள்ளே எங்கேயோ 'கிரிபை' கீர்த்தனை போய்க்கொண்டிருந்தது. ஒரு டன் கல்லை அரைத்துச் சில கிராம் தங்கம் எடுக்கிற ஊர்க்காரர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா? 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் கருவியை வைத்துக்கொண்டு காத்திருந்து நியூட்ரினோவையே பிடித்தார்கள். மேலே இருக்கிற இரைச்சல் எட்டாத இடமாக வேண்டும் என்றுதான் அத்தனை ஆழம். நாங்களும் ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் கோணிப்பையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஆலாபனையின் நடுவில் அது நடந்தது. குரல் ஒரு நொடி ஓய்ந்தது. பிறகு கீழேயிருந்து ஜாருவில் வழுக்கிக்கொண்டு மேலேறி, ஷட்ஜத்தில் போய் நின்றது. நின்றது என்றால் நின்றது. அசைவில்லை, நடுக்கமில்லை, மூச்சு வாங்கவில்லை. நாங்கள் மூச்சு விட மறந்தோம். கடைசியில் அதே ஜாருவில் மெல்ல இறங்கி மறைந்தது. வைண்டிங் டிரைவர் அண்ணன் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி, எச்எம்டி வாட்ச்சைக் கழற்றி மேஜையில் வைத்து, மறுபடி போட்டுக் கணக்கெடுத்தார்.

"அம்பத்தி ரெண்டு செகண்டு" என்றார். கண் கலங்கியிருந்தது. "மனுசனா இவரு?"

அன்றிலிருந்து அது 'ஐம்பத்திரண்டு' ஆயிற்று. மூன்று ஊர்களிலிருந்து ஆட்கள் கேட்க வந்தார்கள். கார்வை முடிந்ததும் சபையில் ஒரு ஆண்குரல் கரகரவென்று ஏதோ சொல்லும். கம்பவுண்டர் நாலு வாரம் ஆராய்ந்து, அது பழைய மைசூர்க் கன்னடம், 'இதற்குமேல் சங்கீதம் இல்லை' என்கிற பொருளில் யாரோ ஒரு பெரிய ரசிகர் சொன்னது என்று தீர்ப்பளித்தார். மிருதங்கம் தவில் மாதிரிக் கேட்டதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தோம். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஒரே ஒரு தொந்தரவு. சில நாள் சரியாகக் கார்வை வரும் நேரத்தில் வெளியே சுரங்கத்துச் சங்கு ஊதித் தொலைக்கும். "சனியன், நல்ல எடத்துலதான் ஊதும்" என்று அண்ணன் எழுந்துபோய் ஜன்னல் கொக்கியை இன்னொரு தடவை அழுத்துவார்.

சித்தப்பா மட்டும் ஒட்டவில்லை. "சங்கதி உருளலியே" என்றார் ஒருநாள். "நெரவல்ல தடுமாறுறாரு. யாரோ கத்துக்குட்டி மாதிரி இருக்குது."

சித்தப்பா என்றும் பார்க்காமல் நான் சொன்னேன்: "பஜன பாடுறவங்களுக்கு இது புரியாது சித்தப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு டேப்ரிக்கார்டரை மட்டும் கொடுத்தனுப்பினார்.

*

இவ்வளவையும் அக்கா மகனிடம் சொல்லி, 'ஐம்பத்திரண்டை'க் கொடுத்து, உன் அமெரிக்காக்காரன் நிற்பானா பார் என்றேன். கேசட்டைப் பெங்களூர் எடுத்துப்போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றினான். இரண்டு வாரம் கழித்து போன் செய்தான். குரலில் ஒரு டாக்டரின் பணிவு.

"மாமா, இது காப்பி எடுத்தப்போ மூல கேசட்ட ஓடவிட்ட மெஷின்ல பேட்டரி தீர்ந்திருக்கணும். ஸ்லோவா ஓடியிருக்கு. சரி பண்ணி அனுப்புறேன். உக்காந்து கேளுங்க."

பேட்டரி தீர்ந்தால் மோட்டார் சோர்ந்து டேப் மெல்ல நகரும், சுருதி இறங்கும், காலப்பிரமாணம் இழுக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. மற்றவர்களுடைய கேசட்டில் அதைக் கண்டுபிடித்துப் பலமுறை சிரித்திருக்கிறோம். எம்.டி.ஆர். என்று அட்டையில் எழுதியிருந்தால் மெதுவாக ஓடுவதை யார் சந்தேகப்படுவார்கள்?

உட்கார்ந்து கேட்டேன். இளவயதுக் குரல், இரண்டு கட்டைச் சுருதி. நல்ல குரல்தான். சங்கதி உருளவில்லை. மிருதங்கம் மிருதங்கமாக இருந்தது. குரல் ஓய்ந்தது. பிறகு, 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினதோடு நின்றுபோன சங்கு, என் கூடத்தில் ஊதியது. ஏறி, நின்று, இறங்கியது. அது அடங்கியதும் அந்தப் பழைய மைசூர் ரசிகர் பேசினார்:

"டேய் சின்னவனே, தொண்ட கட்டிக்கும். சுடுதண்ணி குடிடா."

என் பாட்டி.

எங்கள் லைன் பஜனைக் கோயில் பந்தல், ஏதோ ஒரு ராமநவமி. சித்தப்பாவுக்கு இருபது இருபத்திரண்டு வயது இருந்திருக்கும். யார் பதிவு செய்தார்களோ, எப்படிப் பெங்களூர் போனதோ, எந்தப் புண்ணியவான் எம்.டி.ஆர். என்று எழுதினானோ! நாங்கள் இரண்டு மணி அய்யரும் ஒரு மாலியும் ஒரு டஜன் பன்னும் கொடுத்து, எங்கள் தெருவில் இருந்ததையே பெங்களூரிலிருந்து வாங்கி வந்திருக்கிறோம். சங்கு ஷட்ஜத்தில் சேர்ந்ததும் தற்செயல் இல்லை. சித்தப்பாவிடம் சுருதிப்பெட்டி கிடையாது. காலையில் சங்கு ஊதும்போதுதான் கிணற்றடியில் நின்று சுருதி சரிபார்த்துக்கொள்வார். சின்ன வயதில் அது எங்கள் வீட்டுக் கேலி. தன் குரலென்று அவருக்கே தெரியாமல்தான் 'கத்துக்குட்டி' என்று சொன்னார். நாலு பேரில் சரியான விமர்சனம் செய்தவர் அவர் ஒருவர்தான். போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

கம்பவுண்டரும் இல்லை, அந்த மட்டில் அவர் கன்னடம் தப்பித்தது. ராபர்ட்சன்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிற வைண்டிங் டிரைவர் அண்ணனிடம் போனேன். எண்பத்துமூன்று வயது. ஒன்றும் சொல்லாமல் காதில் ஒயரை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். சங்கு வந்ததும் கண்ணைத் திறக்காமலே, "மைசூர் மைன். நைட் ஷிப்டு" என்றார்.

அப்புறம்தான் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

கொஞ்சநேரம் கழித்துச் சட்டைப்பையில் துழாவிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "கேசட்டக் குடு" என்று வாங்கி, அட்டையில் இருந்த நீல மையைத் தடவிப் பார்த்தார்.

"எத்தினி செகண்டு வருது இப்போ?"

"நாப்பதுண்ணா."

"சரியா அளந்தியா?"

"கம்ப்யூட்டர் அளந்துதுண்ணா."

யோசித்தார். "உங்க சித்தப்பனுக்கு நாப்பது பெரிசுதான்" என்று சொல்லி, 'எம்.டி.ஆர்.' என்பதைத் தொடாமல், பக்கத்தில் பால் பாயிண்ட் பேனாவால் '40' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.