பராந்தகனோடு லண்டன் போனவர்

பிள்ளையைப் பார்க்க லண்டன் போகும் அப்பாக்கள் பெட்டியில் மாவடுவும் பருப்புப் பொடியும் போகும். மானாம்பதி சாரோடு கூடவே பராந்தக சோழனும் போவான். இந்த ரகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: ரிடையர்டு சரித்திர வாத்தியார், ஆறு மாச விசா, மங்கி குல்லா, எதைக் காட்டினாலும் “இது எந்த வருஷம்?” என்ற கேள்வி.

வருஷம் கேட்பது தெரிந்துகொள்ள அல்ல, கழித்துப் பார்க்க. ஆக்ஸ்ஃபோர்டில் மகன் ஆசையாக மெர்ட்டன் கல்லூரியைக் காட்டி, “1264-ல ஆரம்பிச்சதுப்பா” என்றால், “நம்ம பராந்தகன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டு 919. முன்னூத்தி நாப்பத்தஞ்சு வருஷம் சின்னவன்” என்று கல்லூரியின் முதுகில் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டு நகர்வார். சாலிஸ்பரி தேவாலயத்தில் 1215-ஆம் வருஷத்து மாக்னா கார்ட்டா. மிச்சமிருக்கும் நாலே நாலு பிரதிகளில் ஒன்று. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கையில் இவர் மட்டும், “தோல்ல எழுதியிருக்கான். நம்மாளு கோயில் சுவத்துல வெட்டி வெச்சான்” என்பார். “அந்தச் சுவரு எங்கயும் ஓடிடாது, மொதல்ல ஸ்வெட்டர் பட்டனைப் போடுங்க” என்பது அம்மாவின் தீர்ப்பு.

சார் திணறிய இடம் ஒன்றுதான்: வேல்ஸ் எல்லையில் ஹே-ஆன்-வை. ஊரே பழைய புத்தகக் கடை. அதற்கு வித்திட்ட ரிச்சர்ட் பூத், 1977 ஏப்ரல் 1 அன்று தன்னையே அந்த ஊருக்கு ராஜாவாக அறிவித்துக்கொண்டவர். சார் உடனே உத்திரமேரூர் சபைக்குக் குடத்தில் பேரெழுதிய ஓலை போட்டு ஆள் எடுத்த குடவோலை விதிப்படி தகுதி பார்த்தார். “வயசு முப்பத்தெட்டு. முப்பத்தஞ்சுக்கு மேல, எழுபதுக்குள்ள, சரி. கோட்டையே வாங்கியிருக்கான், சொத்தும் சரி. ஆனா குடத்துல ஓலை போடலையே!” வேட்புமனு தள்ளுபடி.

அந்தக் கோட்டை வளாகத்தில் ஆளில்லாத புத்தக அலமாரிகள். எடுத்துக்கொண்டு, காசைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். 1985-ல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டில் பேரம் படித்தவர் சார்; ஐம்பது சொன்னால் பத்தில் ஆரம்பித்து, போவதுபோல் போய்த் திரும்பி வருகிற கலை. இங்கே யாரிடம் முறைப்பது? பெட்டியிடமா? எழுதியிருந்த விலையை மனசுக்குள் நூறால் பெருக்கி, பெருமூச்சு விட்டு, பரீட்சை ஹால் சூப்பர்வைசர்போல ஓரமாக நின்று, வருகிறவர்கள் காசு போடுகிறார்களா என்று கண்காணித்தார். எல்லோரும் போட்டார்கள். சாருக்கு ஏமாற்றம்தான்.

ஊர் திரும்பியதும் டீக்கடையில் உட்கார்ந்து இதற்கும் ஒரு கழித்தல் கணக்குப் போட்டார். “அவன் பெட்டியை நம்பறான். நம்ம உத்திரமேரூர் சபை யாரையும் நம்பலை. பதவியில இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்துலயே போடக் கூடாது. அவன் மட்டுமா? சித்தி புள்ள, பெரியம்மா புள்ள, அத்தை புள்ள, மாமன் புள்ள, ஒருத்தனும் நிக்க முடியாது!”

கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “சார், நீங்க லண்டன் போறதுக்கு முந்தின கணக்கு ஒண்ணு நோட்டுல நிக்குது. உங்க மாமா பையன் இந்த வாட்டி வார்டு மெம்பருக்கு நிக்கறாராமே?”