நாள் தள்ளும் முன்பே

கேள்வி: குழந்தைக்கு யோசிக்கிறோம் என்றதும் டாக்டர் ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதிவிட்டார். "உண்டாகாத பிள்ளைக்கு மருந்தா?" என்று மாமியார் சிரிக்கிறார். என்ன சொல்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: விதைத்த பிறகா உழுவார்கள் என்று கேளுங்கள். (பணிவாகத்தான், மாமியார் ஆயிற்றே!) மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக்குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. வாந்தி வந்து, விஷயம் தெருவுக்கே தெரியும்போது அந்த வேலை முடிந்திருக்கும். அதனால்தான் கருத்தரிக்க ஒரு மாதமாவது முன்பிருந்து, முதல் மூன்று மாதம் முடியும்வரை தினம் 400 மைக்ரோகிராம்.

கீரை போதாதா என்பார். நல்லதுதான், ஆனால் வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் சத்தில் கணிசமான பங்கு சாக்கடைக்குத்தான் போகிறது.

இன்னொன்று: 1928-ல் பம்பாய் வந்த ஆங்கிலேய டாக்டர் லூசி வில்ஸ், கர்ப்பிணிகளின் ஒருவகை ரத்தசோகையை மார்மைட் என்ற ஈஸ்ட் சாற்றால் குணப்படுத்தினார். உள்ளே ஒளிந்திருந்தது ஃபோலிக் ஆசிட்டின் இயற்கை வடிவமான ஃபோலேட்தான். நம் குன்னூரிலும் ஆராய்ச்சி செய்தவர் அவர்.

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், முதல் பிள்ளைக்குத் தண்டுவடக் குறை இருந்தவர்கள் போன்றோருக்கு அளவு வேறு, டாக்டரைக் கேளுங்கள். நீங்கள் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.