கரண்டுக்கே ஷாக்

நல்ல படம் எடுப்பது கடினம் என்று எல்லோருக்கும் தெரியும். சுமாரான படம் எடுப்பது எளிது. வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் எடுத்துவிடுகிறார். ஆனால், பார்க்கிறவர் தேம்பி அழ வேண்டும் என்று இயக்குநர் நினைத்த அதே இடத்தில் பார்க்கிறவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற மாதிரி ஒரு படம் அமைவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். வேண்டுமென்றே செய்தால் அது வராது. எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட படங்களைத் தேடிப் பிடித்துப் பார்ப்பது கோயிலுக்குப் போவதை விட ஒழுங்காக நடக்கிறது.

வீடு இருப்பது மொன்றியலில், செயின்ட்-மிஷேலில். ஒரு காலத்தில் அங்கே சுண்ணாம்புக்கல் தோண்டி, பிறகு அந்தக் குழிக்குள் நகரத்துக் குப்பையெல்லாம் கொட்டி, இப்போது அதன் மேல் புல் வளர்த்துப் பூங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் ஓரத்தில்தான் உலகப் புகழ் பெற்ற சர்க் து சொலெய் சர்க்கஸின் தலைமையகம். 1997 இலிருந்து அங்கே இருக்கிறது. தேசமெல்லாம் கடந்து வந்த கலைஞர்கள் அந்தக் கட்டடத்துக்குள் கயிற்றிலிருந்து தவறி விழாமலிருக்க நாள் முழுக்கப் பயிற்சி எடுக்கிறார்கள். கொஞ்சத் தூரம் தள்ளி, எங்கள் பேஸ்மென்டுக்குள், தவறி விழுந்தவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறோம். கலைக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும்தானே.

எங்கள் பேஸ்மென்டின் மூலவர் 'நரசிம்மா'. 2001 இல் வந்த விஜயகாந்த் படம். இயக்கிய திருப்பதிசாமி படம் வெளிவருவதற்கு முன்பே கார் விபத்தில் இறந்துபோனார். அது தெரிந்த பிறகு முழு மனதோடு சிரிக்க முடிவதில்லை. முக்கால் மனதோடு சிரிக்கிறோம். கதையைச் சொல்லப் போவதில்லை, ஒரு காட்சி போதும். விஜயகாந்தைப் பிடித்து வைத்து, உண்மையை வரவழைக்க உடம்பில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். வழக்கமாக இந்த இடத்தில் கதாநாயகன் துடிப்பான், பல்லைக் கடிப்பான், அம்மாவை நினைப்பான். இங்கே கதாநாயகன் சும்மா இருக்கிறார். மின்சாரம்தான் துடிக்கிறது. கடைசியில் அவருக்கு ஷாக் அடிக்கவில்லை, கரண்டுக்கு ஷாக் அடிக்கிறது.

இந்தக் காட்சியை முதன்முதலாக என் மருமகனுக்கும் அவன் சிநேகிதர்களுக்கும் போட்டுக் காட்டிய இரவு நன்றாக நினைவிருக்கிறது. மருமகனுக்குப் பதினாறு வயது. 1977 இல் கொண்டுவந்த கெபெக் மொழிச் சட்டத்தின்படி எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே அவன் கணக்குப் போடுவது, கோபப்படுவது, கனவு காண்பது எல்லாம் பிரெஞ்சில். சோறு கேட்பது மட்டும் தமிழில். சிநேகிதர்களில் ஒருவன் ஹெயிட்டிக்காரன், இன்னொருவன் அல்ஜீரியாக்காரன், இரண்டு பேரும் பக்கத்துத் தெருப் பிள்ளைகள். கட்டைச் சாய்மனைக் கதிரையில் பெரியப்பா. அவர் விஜயகாந்தின் பரம ரசிகர். அவரளவில் விஜயகாந்த் நடிகரே இல்லை, சொந்தக்காரர். மகனுக்குப் பிரபாகரன் என்று பெயர் வைத்த மனிதரை வேறு எப்படி நினைப்பது?

காட்சி வந்தது. பையன்கள் மூவரும் கம்பளத்தில் உருண்டார்கள். பெரியப்பாவின் முகம் மாறியது.

"உதில என்ன சிரிப்பு?" என்றார்.

ஹெயிட்டிப் பையன் மரியாதையாகத்தான் ஒரு சந்தேகம் கேட்டான். மருமகன் அதைத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "தாத்தா, கரண்ட் ஏன் இவருக்குப் பயப்பிடுது எண்டு கேக்கிறான்."

"ஆள் ஆரெண்டு கரண்டுக்குத் தெரியும். அதான்."

அது போதாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். "யாழ்ப்பாணத்தில வருசக் கணக்காக் கரண்ட் இல்லாமல் இருந்த ஆக்கள் நாங்கள். கரண்டைப் பற்றி எனக்கு நீ படிப்பிக்காதை" என்று சேர்த்துக்கொண்டார்.

அதில் உண்மை இருக்கிறது. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பிறகு ஒரு படம் பார்ப்பதென்றால் டிவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்குப் பிடித்து, மண்ணெண்ணெய் தேடி, ஊரெல்லாம் கூடி, விடிய விடிய மூன்று படம் பார்க்க வேண்டும். முதல் படம் எம்.ஜி.ஆர், கடைசிப் படம் ரஜினி, நடுவில் யாரும் கேட்காத ஏதாவது ஒன்றைக் கடைக்காரன் தள்ளிவிட்டிருப்பான். ஆனாலும் ஒருவர் சிரிக்க மாட்டார், ஒருவர் எழும்ப மாட்டார். மண்ணெண்ணெய் விற்ற விலையில் எல்லாப் படமும் நல்ல படம். கனடாவுக்கு வந்து கரண்டுக் கவலை தீர்ந்தது என்று பெரியப்பா கால் நீட்டிய கொஞ்சக் காலத்தில், 1998 ஜனவரியில் உறைமழை பெய்தது. ஹைட்ரோ-கெபெக்கின் இரும்புக் கோபுரங்கள் பனிக்கட்டிப் பாரம் தாங்காமல் மடிந்து விழ, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருட்டில் விறைத்தன. இரண்டு நாட்டுக் கரண்டையும் நம்பி ஏமாந்தவர் அவர். கரண்டை ஒரு தடவையாவது யாராவது தோற்கடித்துக் காட்டினால் கைதட்டாமல் என்ன செய்வார்?

அடுத்த வாரம், கப்டன் விஜயகாந்த் யாரென்று காட்டுகிறேன் என்று அவரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தார். 'கேப்டன் பிரபாகரன்', 1991, ஆர்.கே. செல்வமணி இயக்கியது, விஜயகாந்தின் நூறாவது படம். நல்ல படம். அதுதான் சிக்கல். காட்டுக்குள் இருக்கும் வில்லன் யாருடைய சாயல் என்று சொல்ல வீரப்பன் கதையைத் தொடங்கினேன். அதைச் சொல்லச் சந்தன மரம், சந்தனத்தைச் சொல்ல இரண்டு மாநில எல்லை, எல்லையைச் சொல்லக் காவிரி வரைக்கும் போக வேண்டி வந்தது. படத்தின் பெயரைப் பார்த்ததும் பெரியப்பா ஏன் தொண்டையைச் செருமினார் என்று அல்ஜீரியப் பையன் கேட்டான். அதைச் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும். அரை மணித்தியாலத்தில் மூன்று பேரும் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நல்ல படத்தை ரசிக்க ஊர் தெரிய வேண்டும், பாஷை தெரிய வேண்டும், சாதிச் சண்டை தெரிய வேண்டும், பழைய படம் பத்தாவது தெரிய வேண்டும். கரண்டுக்கு ஷாக் அடித்தால் போர்ட்-ஓ-பிரின்சில் பிறந்தவனுக்கும் புரிகிறது.

அதற்குப் பிறகு பையன்களே அட்டவணை போடத் தொடங்கினார்கள். தெலுங்கு பாலகிருஷ்ணாவின் 'பல்நாட்டி பிரம்மநாயுடு' வந்தது, 2003 ஆம் ஆண்டுப் படம். அவர் தொடையைத் தட்டுகிறார், ரயில் பின்னோக்கிப் போகிறது. பெரியப்பா அசையவில்லை. மெத்ரோவின் நீலக்கோடு 1986 இலிருந்து செயின்ட்-மிஷேல் நிலையத்தோடு முடிகிறது. அங்கே வந்த ரயில் திரும்பித்தான் ஆக வேண்டும், இதில் என்ன அதிசயம் என்றார். அந்தக் கோட்டை அன்ஜூ வரை ஐந்து நிலையம் நீட்டுவதாகப் பல தேர்தல்களாகச் சொல்லி, இப்போதுதான் குழி தோண்டுகிறார்கள். ரயிலை முன்னோக்கித் தள்ளத் தொடை தட்டுகிற ஆள் யாராவது இருந்தால் நகரசபைக்குச் சொல்லலாம் என்பது அவருடைய யோசனை.

பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பணமில்லாமல் எடுத்ததால் கெட்ட படங்கள் வெறும் அலுப்பு. அவற்றைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, பாவம் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். சிரிப்பு வருகிற படங்களில் பெரும்பாலும், 'அண்ணே, இது வேண்டாம்' என்று சொல்லக்கூடிய ஆள் படப்பிடிப்பில் இல்லாமல் போயிருக்கிறார். ஏனென்றால் சம்பளம் கொடுப்பவரும் கதாநாயகனும் ஒரே ஆள். அமெரிக்காவின் 'தி ரூம்' 2003 இல் வந்தது. எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்தவர் டாமி வைஸோ. ஃபிலிம் கமராவையும் டிஜிட்டல் கமராவையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, எங்கள் ஆட்கள் கலியாணத்துக்கு இரண்டு வீடியோக்காரரைப் பிடிப்பது போல, ஒரே காட்சியை இரண்டிலும் எடுத்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது அந்தப் படத்தை நள்ளிரவுக் காட்சியாகப் போட்டால், சட்டம் போட்ட கரண்டிப் படம் ஒன்று திரையில் தெரியும்போதெல்லாம் ஜனங்கள் பிளாஸ்டிக் கரண்டியை எறிகிறார்கள்.

நம் பக்கத்தில் டி. ராஜேந்தரின் 'வீராசாமி', 2007. இவரை இந்த வரிசையில் வைக்க எனக்கு மனமில்லை. 'ஒருதலை ராகம்' தந்த மனிதர். தாளம் அவர் ரத்தத்தில் ஓடுகிறது. அவரிடம் குறை எதுவும் கிடையாது, எல்லாம் கூட. வசனம் கூட, கண்ணீர் கூட, தலைமுடி கூட. குறைந்து கெடுகிற படத்துக்கும் நிறைந்து வழிகிற படத்துக்கும் வித்தியாசம் உண்டு. வழிவதைப் பார்க்க நான் இரண்டாம் தரமும் உட்காருவேன்.

அதே 2007 இல்தான் ஈரோட்டுக்காரர் சாம் ஆண்டர்சன் நடித்த 'யாருக்கு யாரோ' வந்தது, வந்த வேகத்தில் போனது. பிறகு அதிலுள்ள 'ராசாத்தி' பாட்டு யூடியூபில் ஏற, உலகத் தமிழர் அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் ஆடுகிறாரா, தவறவிட்ட பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறாரா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு. ஆனால் அந்த முகத்தில் ஒரு சொட்டுச் சந்தேகம் கிடையாது. கலியாண வீட்டில் ஒரு பாட்டுக்கு எழும்பி ஆட வெட்கப்பட்டு ரசகுல்லாவை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் என் போன்றவர்கள் அந்த முகத்தைக் கவனிக்க வேண்டும்.

தனக்குத்தானே பவர் ஸ்டார் என்று பட்டம் சூட்டிக்கொண்ட சீனிவாசன் 2011 இல் 'லத்திகா'வைத் தயாரித்து நடித்தார். 200 நாளைத் தாண்டி அதை அவரே ஓட வைத்தார் என்பது கோடம்பாக்கத்துக் கதை. படம் ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். படத்தை ஒருவர் தள்ளிக்கொண்டே போவது அரிய காட்சி. பிறகு 2013 பொங்கலுக்கு, பாக்யராஜின் பழைய கதையை வைத்து எடுத்த 'கண்ணா லட்டு தின்ன ஆசையா'வில் சந்தானம் அவரைக் கூட்டி வந்தார். அவர் திரையில் தோன்றியதும் தியேட்டர் அதிர்ந்தது, படம் வெற்றி. எனக்கோ அன்றைக்கு ஏதோ கைவிட்டுப் போனது. நாம் ஏன் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவர் நகைச்சுவை நடிகர். நகைச்சுவை நடிகரைப் பார்த்துச் சிரிக்க நமக்கென்ன தனித் திறமை வேண்டும்? அது டிக்கெட் விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 2010 இல் வந்த 'தமிழ்ப் படம்' கூட அப்படித்தான். நன்றாக இருக்கும், ஆனால் புத்திசாலிகள் எடுத்தது.

இந்தப் பைத்தியம் எங்களுக்கு மட்டுமல்ல. 1996 இலிருந்து மொன்றியலில் கோடையில் ஃபன்டேசியா என்று ஒரு திரைப்பட விழா நடக்கிறது. பேய், பூதம், வெட்டுக்குத்து, வினோதம் எல்லாம் அங்கே உண்டு. விளக்கணைந்ததும் படித்த, தாடி வைத்த, கண்ணாடி போட்ட மனிதர்கள் பூனை மாதிரி 'மியாவ்' என்று கத்துவார்கள். அது அங்கே சம்பிரதாயம். விசிலடித்து, கற்பூரம் கொளுத்தி, பேப்பர் கிழித்து எறிந்து வளர்ந்த பரம்பரை நாங்கள்; பெரியப்பாவிடம் சொன்னபோது, "பாவம், விசிலடிக்கத் தெரியாது போல" என்றார்.

போன மார்கழியில் பக்கத்து வீட்டு மதாம் கதவைத் தட்டினார். அறுபது தாண்டிய கெபெக் அம்மாள். சனிக்கிழமைகளில் சுவருக்கு இந்தப் பக்கம் எழும் சிரிப்பைக் கேட்டு, நாங்கள் நகைச்சுவைப் படப் பிரியர்கள் என்று முடிவு கட்டியிருக்கிறார். கையில் 'லெ மார்சியன் து நோயெல்'. தான் சிறுமியாக இருந்தபோது பார்த்த நத்தார்ப் படம், எங்கள் பிள்ளைகளும் பார்க்க வேண்டும் என்றார். 1971 இல் பெர்னார் கோஸெலான் இயக்கியது. எழுதியவர் ரோக் காரியே. இவருடைய ஹொக்கிக் கதையின் வரி கனடாவின் 5 டாலர் நோட்டிலேயே ஒரு காலத்தில் அச்சாகியிருந்தது. செவ்வாய்க் கிரகத்தவனாக வந்தவர் மார்செல் சபூரான், சாதாரண நடிகர் அல்ல. இத்தனை பெரிய கைகள் சேர்ந்தும் படம் எங்கள் பேஸ்மென்டுக்கென்றே எடுத்த மாதிரி இருந்தது.

மதாமும் எங்களோடு உட்கார்ந்தார். பையன்கள் அவருக்காக உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவுக்கு ஒரு சொல் பிரெஞ்சு தெரியாது, ஆகவே அடக்க வேண்டும் என்பதும் தெரியாது. செவ்வாய்க் கிரகத்தவன் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்றதும் தொடங்கியவர், இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். விஜயகாந்தைக் கண்டிருந்தால் உவன் வந்த வழியே செவ்வாய்க்குத் திரும்பியிருப்பான் என்று இடையில் சத்தமாக வேறு சொன்னார். மதாமின் முகம் கடுத்தது. சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டார்.

மருமகன் மொழிபெயர்த்தான். பெரியப்பா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்தார். கொஞ்சம் யோசித்தார்.

"அம்மாவுக்குச் சொல்லு தம்பி," என்றார், "படத்தில வாற பனி அசல் பனி. அதில ஒரு குறையும் சொல்லேலாது எண்டு."

மருமகன் அப்படியே சொன்னான். மதாம் தலையசைத்தார். அந்த வருடம் உண்மையிலேயே நல்ல பனி என்றார்.