கண்ணாடிக்கு முக்காடு

என்னலே தம்பி, புது வீட்டுல ஆறடி அகலத்துக்கு ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு போட்டிருக்கியாமே? "வெளிச்சம் வேணும் தாத்தா, காத்து வேணும் தாத்தா"ன்னு என்ன குதி குதிச்ச! இப்பம் அதை மூடதுக்கு என்ன துணி வாங்கலாம்னு போனைத் தடவிக்கிட்டு அலையுத. கண்ணாடி வைக்க ஒரு காசு, அதை மறைக்க ஒரு காசு. செவுரா விட்டிருந்தா ரெண்டும் மிச்சம்லா? சரி விடு, ஆசைப்பட்டாச்சு.

அலங்காரம் பண்ணித்தாரேன்னு ஒருத்தர் வந்தாராம். கையில தடியா ஒரு துணிப் புஸ்தகம். சந்தன நிறத்துலயே பக்கம் பக்கமாக் காட்டினாராம். சோபா என்ன நிறம், செவுரு என்ன நிறம், சாருக்கு மனசுக்குப் புடிச்சது என்ன நிறம்னு கேட்டாராம். கதவு எந்தத் திசையைப் பாத்திருக்குன்னு கேட்டாராலே? கேக்கலை. சூரியன் என்ன, ஒன் சோபா நிறத்தைப் பாத்துட்டா உள்ள வாரான்?

மேக்க பாத்த கதவுன்னா உசாரா இரு. சித்திரை மாசம் உச்சி வெயில்ல மொட்டை மாடிதான் கொதிக்கும். மூணு மணிக்கு மேல சாஞ்சு வரும் பாரு, அது நேரா ஒன் கூடத்துல வந்து காலை நீட்டி உக்காரும். கிழக்க பாத்தது காலையில கொஞ்சம் படுத்தும், மத்தியானத்துக்குள்ள விட்டுரும். தெக்க பாத்ததுல மார்கழி, தையிலதான் உள்ள வரும். அந்த வெயிலு வரட்டும், நல்லதுதான். வடக்கா? மெல்லிசுத் துணி போதும், மிச்சக் காசுக்கு மீன் வாங்கித் தின்னு.

இன்னொண்ணு கேளு. வெயிலு வெளிச்சமா கண்ணாடி வழியா உள்ள வருது. துணியில பட்டுச் சூடாவுது. அந்தச் சூட்டைக் கண்ணாடி லேசுல வெளிய விடாது. நீ எம்புட்டு வெலையில பிளாக்அவுட் துணி தொங்கவிட்டாலும், திருடனை வீட்டுக்குள்ள விட்டுட்டு அறைக் கதவைப் பூட்டுன கதைதான். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியவே நிறுத்தணும்லே. அந்தக் காலத்துல தாழ்வாரம் எறக்குனதும், வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணி தெளிச்சதும் வெவரம் இல்லாமலா? பால்கனி வெளிம்புல ஒரு மூங்கில் தட்டியைக் கட்டு. வேண்டாத நேரம் சுருட்டி வச்சுக்க. "அசோசியேசன்ல விடமாட்டாவ தாத்தா, கட்டடத்து முகப்பு கெட்டுருமாம்"ங்கியா? முகப்பு குளுகுளுன்னு இருக்கணும், உள்ள நீ அவியணும். நல்ல நியாயம்! அப்பிடின்னா திரைக்குக் கண்ணாடிப் பக்கமா வெள்ளைத் துணியில லைனிங் வச்சுத் தை. வந்த வெளிச்சத்துல கொஞ்சமாவது திரும்பிப் போவும்.

வலை மாதிரி மெல்லிசா ஒரு துணி இப்பம் எல்லா வீட்டுலயும் ஆடுது. பகல்ல நீ ஊரைப் பாப்ப, ஊரு ஒன்னைப் பாக்காது. பொழுதடைஞ்சு வெளக்கைப் போட்டியா, நெலம தலைகீழு. எத்தனை தோசை திங்கன்னு எதுத்த பிளாட்டுக்காரன் எண்ணிச் சொல்லுவான். கண்ணாடியில ஒட்டுத பளபளப்பு பிலிமுக்கும் அதே கதிதான். மெல்லிசு ஒண்ணு, கனத்தது ஒண்ணு, ரெட்டைக் கம்பியில போடு.

ரோலர் பிளைண்டாம், சீப்ரா பிளைண்டாம். பாக்க ஜோராத்தான் இருக்கு. ஆறடிக்கு ஒரே பலகையா மாட்டிட்டேன்னு வையி, கொடியில துணி காயப் போடுத போதெல்லாம் முழுசையும் சுருட்டணும். இல்ல, குனிஞ்சு கும்பிட்டுப் போவணும். கதவு பக்கவாட்டுல ஓடுது, மறைப்பு மேலயும் கீழயும் ஓடுது. ரெண்டும் எங்ஙனலே ஒத்துப்போவும்? ஆசைன்னா ரெண்டு துண்டா மாட்டு, பொழங்குத பக்கத்தை மட்டும் தூக்கிக்க. வெர்டிகல் பிளைண்டு கதவு மாதிரியே நகரும், அது சரி. ஆனா வீடு பேங்க் மேனேஜர் ரூம் மாதிரி ஆயிரும். ஆடிக் காத்துல அது அடிச்சுக்கிடுத சத்தத்துல தூக்கமும் வராது.

எனக்குக் கேட்டா துணிதான். கரூர்ப் பக்கத்துத் துணி நம்ம வெயிலுக்குத் தாங்கும். கதவு ஆறடின்னா கம்பி எட்டடி இருக்கணும், அந்தப் பக்கம் ஒரு அடி, இந்தப் பக்கம் ஒரு அடி. அப்பம்தான் ஒதுக்குன துணி செவுத்துமேல நிக்கும், கண்ணாடி முழுசாத் தெறக்கும். மடிப்பு விழணும்னா கம்பி நீளத்துக்கு ரெட்டிப்புத் துணி. அதாவது 16 அடி. 54 அங்குலப் பன்னாத் துணியில நாலு பன்னா எடு. ஆறடிக்கு ஆறடித் துணி வாங்குனா, இழுத்துக் கட்டுன சினிமாத் திரை மாதிரிதான் நிக்கும். பருத்தின்னா நனைச்சுக் காயப் போட்டுட்டுத் தைக்கக் குடு. இல்லேன்னா முதல் சலவையிலயே கணுக்காலு தெரியும்.

திரை தரையில அரையடி புரளணுமாம், அது அழகாம். தெனமும் தரையைத் தொடைக்கது யாரு, அந்தத் துணிப் புஸ்தகக்காரரா? அரை அங்குலம் தூக்கித் தை. பிளைண்டுன்னா கயிறைச் சின்னப் புள்ளைக கைக்கு எட்டாம ஒசரத்துல மாட்டு. கழுத்துல சிக்கிக்கிடும், அதுல வேடிக்கை வேண்டாம். மோட்டார் வச்சா ரிமோட்டுல தானா ஒதுங்குமாம். அந்த ரிமோட்டைத் தேட நாலு பேரு வேணும், கரண்டு போனா அதும் இல்ல.

கம்பி மாட்டுத ஆளு வருவான். கண்ணாடியை மட்டும் அளந்துட்டுப் போயிருவான். கதவுக் கைப்பிடி எம்புட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குன்னும் அளக்கச் சொல்லு. கம்பியைத் தாங்குத கிளாம்பு அதைவிட நீளமா இருக்கணும். இல்லேன்னா நீ கதவை இழுக்கையில திரையும் கூடவே வந்துரும், ரிமோட்டே வேண்டாம்.