சார் வந்தாச்சா?

எண்பதுகளின் கடைசியில் ஆய்வு மாணவராக அலைந்தவர்களுக்குத் தெரியும்: கைடிடம் பேசுவது அறைவாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அட்டெண்டரிடம்தான் தொடங்கும். "சார் வந்தாச்சாண்ணே?" என்றால் வாய்திறக்க மாட்டார், சிண்டிகேட் கூட்டம் முடிந்து கடுகடுவென்று வந்திருக்கிறாரா, காப்பி ஆயிற்றா, இன்று இயலை நீட்டலாமா, வணக்கத்தோடு நழுவுவது உத்தமமா, எல்லாமே அவர் உதட்டைப் பிதுக்குவதில் இருக்கும். நானோ, கேட்க வேண்டியதையெல்லாம் துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய், உள்ளே "எல்லாம் நல்லாப் போகுது சார்" என்று சொல்லிவிட்டு, படிக்கட்டுக்கு வந்ததும் அத்தனை கேள்வியையும் வரிசை பிசகாமல் சுவரிடம் கேட்கிற வீரன்.

வீணாய்ப் போகிறதே என்று அன்று சபித்த அந்தக் காத்திருப்பில்தான், உடன் காத்திருந்த கல்வெட்டுக்காரரும் நாட்டார் வழக்காற்றியல்காரரும் டீக்கடை வரை நடந்தபடி என் தலைப்பைப் பிரித்து மேய்ந்தார்கள். இரண்டாம் இயல் ஏறக்குறைய அங்கேதான் பிறந்தது.

ஹால்டா மெஷினில் கார்பன் வைத்து அடித்த பிரதி கைடு வீட்டு அலமாரியில் ஒரு மழைக்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பும். ஆனால் ஓரமெல்லாம் பென்சில்: 'யார் சொன்னது?' 'எந்தப் பதிப்பு?' 'உ.வே.சா. முன்னுரையை மறுபடி படி.' எவராவது மேற்கோள் குறி போடாமல் விட்டிருந்தால், "இந்தப் பத்தியில வையாபுரிப் பிள்ளை வாடை அடிக்குதே" என்பார். இப்போது அந்த மோப்பத்தை மென்பொருள் பிடிக்கிறது. யுஜிசியின் 2018 விதிகளின்படி 10 விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அவரிடம் அந்தத் தள்ளுபடி செல்லாது.

இன்று நானே கைடு. ஸ்டூலும் இல்லை, அட்டெண்டரும் இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் தெரியாதபடி அணைத்து வைத்திருக்கிறேன் (என் கைடுக்கு இதற்கு ஒரு கதவு தேவைப்பட்டது). நள்ளிரவில் வரும் இயலுக்குக் காலையில் கட்டைவிரலை உயர்த்துகிறேன். அதற்குப் 'படித்தாயிற்று' என்று பொருளா, 'வந்து சேர்ந்தது' என்று பொருளா என்று பிள்ளைகளின் குழுவில் உரையும் மறுப்புரையும் நடப்பதாகக் கேள்வி. உதட்டைப் படித்த எங்கள் கலைக்கு வாரிசு இல்லாமல் போகவில்லை.

ஒரு மாணவி மட்டும் எங்களில் எவருக்கும் பிடிபடாத சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார். சந்திப்பு முடிந்த அன்று மாலையே பேசியது என்ன, முடிவானது என்ன, நான் செய்ய வேண்டியது என்ன என்று நாலு வரியில் மின்னஞ்சல் வந்துவிடும். அடியில், 'வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் கருத்து வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த இயலுக்குப் போகிறேன் ஐயா.' என்ன துணிச்சல், நான் என் கைடுக்கு இப்படி எழுதியிருந்தால் என்று கொதித்து, எழுதியிருந்தால் ஆய்வேடு சீக்கிரம் முடிந்திருக்கும் என்பதும் கூடவே உறைக்க, வியாழன் இரவு இயலைத் தாளில் எடுத்துவைத்து, ஓரமெல்லாம் பென்சிலால் நிரப்பி, பக்கம் பக்கமாகப் படம்பிடித்து அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "மிக்க நன்றி ஐயா. கையெழுத்துதான் புரியவில்லை. வாய்ஸ் நோட்டாகப் போட முடியுமா?"