கானகப் பீதி: ஒரு சாஸ்திரீய விசாரணை

முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு தேசாந்தரம் திரியும் யாத்திரிகர்களுள் பயந்த சுபாவம் உடையவர்கள், காட்டுக்குள் நடக்கப் புறப்படுமுன் எவ்வெவற்றுக்கு அஞ்சுகிறார்கள், அவ்வச்சத்துக்கும் மெய்யான அபாயத்துக்கும் உள்ள சம்பந்தம் யாது என்பதைப் பண்டிதர்கள் இதுகாறும் தக்கபடி ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. இவ்விசாரணைக்கு மலேசியாவின் தாமான் நெகாராவைவிட உத்தமமான க்ஷேத்திரம் கிடையாது. 1938-39ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் காப்பு வனமாக்கப்பட்டு, பஹாங், கிளந்தான், திரங்கானு என்னும் மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் அவ்விடத்தில் புலி உண்டு, யானை உண்டு, பாம்பு உண்டு, அட்டையோ அளவின்றி உண்டு. ஆகவே பயத்தை ரகம் பிரித்துப் பார்க்க வசதி ஏராளம்.

பல்லின் நீளம் எவ்வளவோ பயத்தின் நீளமும் அவ்வளவே என்பது பூர்வபக்ஷம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கொள்கை, வனத்துக்கு வாயிலான ஜெரந்துட் பட்டணத்தில் நம் யாத்திரிகன் சாமான் வாங்குவதைக் கண்டமாத்திரத்தில் அடிபட்டுப் போகிறது. புலியை உத்தேசித்து அவன் ஒரு காசும் செலவிடுவதில்லை. அட்டைக்கென்றோ, முழங்காலுக்குக் கீழே இழுத்துக் கட்டும் நெருக்கமான நெசவுள்ள துணியுறை, உப்புப் பொட்டலம், புகையிலை, பூச்சித்தைலம் இரண்டு புட்டி. புலி அரிது என்று அறிந்தே அவன் அஞ்சவில்லை என ஆக்ஷேபிப்பார் உளர். மலேசியக் காடுகளில் எஞ்சிய புலிகள் 150க்கும் குறைவு என்பது மெய்யே. ஆயினும் இரவில் விடுதிச் சுவரைப் பூனை பிறாண்டினால் அவன் எழுந்து உட்காரும் வேகத்தில் இந்தப் புள்ளிவிவர ஞானத்தின் சாயல் சிறிதும் இல்லை. எந்தப் பயத்துக்குக் கடையில் சரக்கு இருக்கிறதோ அதுவே பகலிலும் நிலைத்து நிற்கும் பயம் என்பதே சித்தாந்தமாகக் கொள்ளற்பாலது.

மலேரியா பயத்துக்கும் கடையில் மாத்திரை உண்டாதலால் அதுவும் இச்சித்தாந்தத்துக்குள் அடங்கும், விரித்துரையோம்.

இனி அட்டையின் லக்ஷணம். இலை நுனியில் அறுந்த நூல்போல் ஆடிக்கொண்டு, நம் மூச்சையும் காலடி அதிர்வையும் மோப்பம் பிடித்து நீளும் இந்த ஜந்து, தன் மூன்று தாடைகளால் வலி தெரியாமல் தோலைக் கீறி, இரத்தம் உறையாதபடி உமிழ்நீரையும் கலந்து வைப்பதால், அது கழன்ற பின்னும் காயம் நெடுநேரம் கசியும், அரிப்பும் உண்டு. இதற்கு மேல் பெருந்தீங்கு ஏதும் பெரும்பாலும் நேர்வதில்லை. உப்புத் தூவினாலோ அது குடித்ததைக் காயத்திலேயே கக்கக்கூடும் என்பதால், நகத்தால் வழித்தெறிவதே விவேகிகள் வழி. அதே பாதையில் வழுக்கும் வேர்களும், மழைக்குப் பின் திடீரென உயரும் ஓடைகளும், தலைக்கு மேல் பட்டுப்போன கிளைகளும் காத்திருக்கின்றன. இவற்றுக்கு உறையோ தைலமோ எவரும் விற்பதில்லையாதலால் அவை யாத்திரிகனின் சிந்தையில் இடம் பெறுவதில்லை.

பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுவோர் வழிகாட்டியின் காலைப் பார்க்கலாம். பால்மரம் வெட்டும் தொழிலாளர் அணிவதும், உள்ளூரார் 'அடிடாஸ் கம்போங்' என்று வேடிக்கையாக அழைப்பதுமான கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து. இடுப்பில் ஒரு பாராங் கத்தி. சட்டைப் பையில் சிகரெட். பேச்சை நிறுத்தாமலே கணுக்காலில் ஏறிய அட்டையை அவர் சுண்டி எறிகிறார். யாத்திரிகனோ இரண்டு உறைகளையும் மீறி எப்படியோ கழுத்துப்பட்டிக்கு வந்து சேர்ந்துவிட்ட ஒன்றைக் கண்டு, பையின் ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து உப்பைத் தேடுகிறான். கடைசி அறையில் அது அகப்படும்போது காட்டு ஈரத்தில் கசிந்து, நாளைக்கென வைத்திருந்த காலுறைகளை எல்லாம் நனைத்திருக்கிறது. அட்டையும் அதற்குள் வயிறு நிரம்பித் தானே கழன்று போய்விட்டது.