கடைசிக் கோழிக் குழம்பு

பரீட்சித்து மகாராஜாவுக்குச் சாவதற்கு ஏழு நாள் கெடு கிடைத்தது. உட்கார்ந்து பாகவதம் கேட்டார். 1979 ஜூலையில் நமக்கும் ஒரு கெடு வந்தது. 70 டன்னுக்கு மேல் எடையுள்ள அமெரிக்க ஸ்கைலாப் விண்வெளி நிலையம் யார் தலையில் விழும் என்று தெரியாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நாட்டின் பல கிராமங்களில் பாகவதத்தைத் தேடவில்லை, கோழியைத்தான் தேடினார்கள். ஆடும் அடுப்பேறியது. சிலர் கையிலிருந்ததை விற்றுச் சாப்பிட்டார்கள். (வாங்கியவர் எந்த உலகத்தில் வாழ உத்தேசித்தாரோ!) கடைசி நாளென்று கடனை அடைக்க ஓடியவரைப் பற்றி மட்டும் நான் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பழக்கம் சாக்ரடீஸோடு போயிற்று. விஷம் ஏறிய பிறகும், வைத்தியக் கடவுள் அஸ்க்ளீபியஸுக்கு ஒரு சேவல் பாக்கி, கொடுத்துவிடு என்று நண்பர் கிரிட்டோவிடம் சொல்லிவிட்டுப் போனார். நாமானால் அந்தச் சேவலைக் குழம்பு வைத்திருப்போம்.

ஜூலை 11 இரவு ஸ்கைலாப் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறியது. குப்பை கொட்டியதற்காக அங்குள்ள எஸ்பரன்ஸ் நகராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டது. 2009-இல் ஓர் அமெரிக்க வானொலிக்காரர் நேயர்களிடம் வசூலித்துக் கட்டினார். நம் ஊர்க் கோழிகளுக்கான வசூலை இன்னும் யாரும் தொடங்கவில்லை.